வைக்கோல் வண்டிக்கு அப்பால்

இரண்டு மணி நாற்பது. நான்கு மணிக்கு மதாம் ஜெர்மேன் படத்தை எடுத்துச் செல்ல வருகிறார். இன்னும் எண்பது நிமிடங்கள். படம் தாங்கியின்மேல் நிற்கிறது. வடக்குச் சன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். வடக்கு வெளிச்சம் எதையும் அழகாக்காது, எதையும் மறைக்காது, பழைய படங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் முழுதாக நம்பியது அது ஒன்றைத்தான். அறுவடை முடிந்த வயல். அரிதாள்களின் மங்கிய மஞ்சள். இடப்பக்கம் மூன்று வைக்கோற்போர்கள். நடுவில் ஒற்றைக் குதிரை பூட்டிய வைக்கோல் வண்டி, குதிரை தலையைத் தொங்கவிட்டிருக்கிறது. வலப்பக்கம் ஓடைக்கரையில் ஒன்பது நெட்டை மரங்கள். வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சேற்றுப் பாதை வளைந்து வளைந்து அடிவானம் வரை செல்கிறது, அங்கே ஊசிமுனை அளவில் ஒரு தேவாலயக் கோபுரம். மேலே, படத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு, மழையைச் சுமந்த வானம். பிரான்சின் ஏதோ ஒரு சிற்றூரில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், பெயரெழுதாத ஒருவன் வயலோரத்தில் நின்று தீட்டியது. பாதையில் ஒருவரும் இல்லை. மூன்று வாரங்களாக இந்த வாக்கியத்தை மனத்துக்குள் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இன்று பகல் பதினொன்றரை முதல் அதே வாக்கியம் தொண்டையில் மீன்முள்ளாகக் குறுக்கே நிற்கிறது; துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பாதையில் ஒருவரும் இல்லை.

பதினொன்றரைக்குத் தொலைபேசி ஒலித்தபோது நான் சட்டத்தின் ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “முசியே சூசைநாதன், நான்தான். ரெண்டாவது கண்ணு கட்டும் அவுத்துட்டாங்க. எல்லாம் பளிச்சுனு தெரியுது. எங்க வூட்டுச் சுவரு இம்மாம் அழுக்கா இருக்கும்னு இத்தினி வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க!” என்று சிரித்தார் மதாம் ஜெர்மேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது. சிரிப்புக்கு அவ்வளவு வயது இல்லை. “நாலு மணிக்கு வரேன். நாளைக்குக் காலையில சிஸ்டருங்க நடத்துற இல்லத்துக்குப் போயிடுறேன். அங்க ஆளுக்கு ஒரு கட்டிலு, ஒரு ஆணி. அந்த ஆணியில அவளத்தான் மாட்டப்போறேன்.” யாரை, மதாம், என்று கேட்டேன். அமைதியாகத்தான் கேட்டேன், சட்டத்தின் மூலையில் ஓர் ஆணி துருப்பிடித்திருந்தது, என் கவனம் அதில் இருந்தது. “எங்க செலினைத்தான். பாதையில நிக்கிறாளே, நீலக் கவுனு போட்டுகினு. எம்பொண்ணு முசியே. ஆறு வயசுல தொண்டை அடைப்பான் வந்து பூட்டா. போட்டோ ஒண்ணுகூட இல்ல. கோயில்ல புதுநன்மை வாங்குற அன்னிக்கு எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம். எங்க வூட்டுக்காரரு மூணு நாளு சோறு திங்காம உக்காந்து அந்தப் படத்துல அவள எழுதி வெச்சாரு. வரையத் தெரியாது மனுசனுக்கு. ஆனா மூஞ்சி மட்டும் அவளேதான். பத்து வருஷமா எனக்குப் புகைமூட்டமாத்தான் தெரிஞ்சா. இன்னிக்குத்தான் கண்ணாரப் பாக்கப்போறேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க பெரிய படிப்புப் படிச்சவரு, சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்” என்றார். நான், “சரி, மதாம்” என்றேன். மொழியில் இத்தனை சொற்கள் இருக்க, எனக்குக் கிடைத்தவை அவை இரண்டுதாம். அவர் வைத்துவிட்டார். நான் வெகுநேரம் வைக்கவில்லை.

அவளை நான் துடைத்தெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்திய மாலை, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கின்கீழ் படத்தைப் பார்த்திருந்தேன். பழைய வார்னிஷ் முழுவதும் பச்சையாக ஒளிர, பாதையின் நடுவில் அந்தச் சிறுமி மட்டும் கரிய ஓட்டையாகத் தெரிந்தாள். பிற்காலத்தில் மேலே பூசிய வண்ணம் அப்படித்தான் தெரியும், ஐயத்துக்கு இடமில்லை. வண்ணமும் கலைஞனுடையதன்று, சன்னல் கதவுகளுக்கு அடிக்கும் எனாமல் நீலம். அதைக் கண்டுபிடித்தபோது தனியறையில் உரக்கச் சிரித்தேன். மதாம் அஞ்சியது சரியே, நான் சிரித்துத்தான் இருந்தேன். வண்டிக்கு அப்பால், பாதையில் வெகு தொலைவில் நிற்க வேண்டியவள் குதிரையைவிட உயரமாக இருந்தாள். வெளிச்சம் இடப்புறமிருந்து விழுகிறது, மரங்களும் வண்டியும் போர்களும் வலப்புறமாக நிழலைச் சாய்த்திருக்கின்றன, அவளுக்கு மட்டும் நிழலே இல்லை. முகம் ஒரு வட்டம், இரண்டு புள்ளிகள், ஒரு கோடு. பார்க்கப் பார்க்கப் பல் கூசியது. ஒரு நல்ல வயலின் நடுவில், ஒரு தேர்ந்த கையின் வேலைக்கு மேல், இப்படி ஒரு பிழையா என்று பொறுக்க முடியவில்லை. செவ்வாய் காலை தொடங்கினேன். குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி எடுத்து, வண்ணத்தின்மேல் மெல்ல உருட்ட வேண்டும், தேய்க்கலாகாது. முதலில் கண்கள் போயின. ஒரே உருட்டலில் இரண்டும். பிறகு வாய், பிறகு தலைமுடியில் கட்டியிருந்த வெள்ளைத் துணி. கவுன் நெடுநேரம் எடுத்துக்கொண்டது, எனாமல் பிடிவாதமானது. கடைசியாகக் கறுப்புக் காலணிகள். அடியில் பாதை பழுதின்றி இருந்தது. சேற்றில் சக்கரம் பதிந்த தடம்கூட, தூரிகை ஒரே இழுப்பில் இழுத்தபடி, ஈரம் காயாததுபோல் மின்னியது. எத்தனை மகிழ்ச்சி அன்றைக்கு. சன்னலருகே நின்று ஒரு கோப்பை காப்பியை நிதானமாகக் குடித்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: பிற்கால மேற்பூச்சு, தகுதியற்றது, அகற்றப்பட்டது. இப்போது அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு படத்தையும் பெற்றுக்கொள்ளும் நாளில் நிரப்ப வேண்டிய பக்கம் அதற்கு முன்னால் இருக்கிறது. நான்காம் வரி, உரிமையாளரிடம் கேட்டறிந்தவை. அதற்கு நேரே, என் திருத்தமான கையெழுத்தில், ஒன்றுமில்லை என்று இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கண்புரை மூடிய விழிகளோடு எதிர்நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு கிழவிக்கு ஓவியத்தைப்பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று நானே விடையளித்துக்கொண்டேன்.

மூன்று மணி ஆகப்போகிறது. அலமாரியின் நடுத்தட்டில் அந்தக் குப்பி இருக்கிறது. வேலையை ஒப்படைக்கும்வரை துடைத்த பஞ்சை எறிவதில்லை என்பது என் வழக்கம். பகுதிக்கொரு கண்ணாடிக் குப்பி, குப்பிக்கொரு சீட்டு. வானம்: அழுக்கு. மரங்கள்: வார்னிஷ். பாதை: மேற்பூச்சு. மூன்றாம் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். நாற்பதுக்கு மேற்பட்ட பஞ்சுச் சுருள்கள், பெரும்பாலும் நீலம், சில இளஞ்சிவப்பு, இரண்டு கறுப்பு. இவ்வளவுதான் அவள். ஒரு மண்ணறையில் ஒரு முறை அடங்கினாள், இப்போது ஒரு குப்பியில். மூடியைத் திறந்தேன், கரைப்பானின் வாடை இன்னும் போகவில்லை, உடனே மூடிவிட்டேன். படத்தில், வானத்தின் இடது மூலையில் ஒரு கொசுவின் சிறகு வண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியில் நின்று தீட்டிய படங்களில் இப்படி ஏதாவது இருக்கும். மணல் இருக்கும், புல்விதை இருக்கும். அந்தச் சிறகைக் கண்டதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு முழு நாள், உருப்பெருக்கியின்கீழ், அதைச் சுற்றியிருந்த அழுக்கை மட்டும் முடியளவு தூரிகையால் எடுத்தேன். பிரான்சு தேசத்துக் கொசு ஒன்றின் சிறகு பத்திரமாக இருக்கிறது. நான் கவனமற்றவன் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

சொல்லிவிடலாம். நான்கு மணிக்கு, அவர் அமர்ந்து தண்ணீர் குடித்தபின், மதாம், ஒரு தவறு நடந்துவிட்டது என்று தொடங்கலாம். தவறு நடந்துவிட்டது என்பது கோழையின் வாக்கியம். தவறு தானாக நடப்பதில்லை. நான் தவறு செய்துவிட்டேன். அதற்கடுத்த வாக்கியம் என்ன? உங்கள் மகளைத் துடைத்துவிட்டேன். அதை இந்த அறையில், இந்த நாற்காலியில் இருப்பவரிடம், என் வாயால் சொல்ல வேண்டும். அவர் அழுதால்? அழ மாட்டார், அப்படியா முசியே என்பார், அது அழுகையைவிடக் கொடிது. இறந்துபோன என் மனைவி மகதலேனின் தங்கை மோனிக்கும் அன்று அழவில்லை. மகதலேனின் கல்லறைக்கல்லைப்பற்றிய பேச்சு அது. பெயர் வெட்டிய வரி வலப்பக்கம் விரற்கடையில் கால் பங்கு சாய்ந்திருந்தது; திருப்பி அனுப்பினேன்; இரண்டாம் கல்லில் சிலுவையின் கை ஒன்று குட்டை; அதையும் அனுப்பினேன். அதற்குள் கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. ஊரே மெழுகுவத்தியும் சாமந்தியுமாக மின்ன, என் மனைவி மட்டும் பெயரில்லாத மண்மேடாகக் கிடந்தாள். உறவினர்கள் எந்த மேட்டின்மேல் பூவை வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். மோனிக் மெழுகுவத்தியை என் கையில் திணித்துவிட்டு, “செத்தவங்ககூட உங்ககிட்டத் தப்பில்லாமப் படுத்திருக்கணும், இல்ல அத்தான்?” என்றாள். அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, அவள் என் வீட்டுப் படியேறவில்லை. மூன்றாவது கல் நேராக இருக்கிறது. நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன்.

தீட்டிவிடலாம். இதுவும் தோன்றாமலில்லை, உண்மையில் தொலைபேசியை வைப்பதற்கு முன்பே தோன்றிவிட்டது. வேலை தொடங்குமுன் எடுத்த நிழற்படம் இருக்கிறது. நடுப்பகுதியை நெருங்கி எடுத்த படமும் இருக்கிறது, அதில் அவள் கட்டைவிரல் நீளம் நிற்கிறாள். செப்பனிடும் வண்ணங்கள் சாராயத்தில் கரைபவை, நிமிடங்களில் உலர்ந்துவிடும். வேண்டாமென்றால் ஒரு பஞ்சில் போய்விடும், கீழே உள்ள பாதைக்கு ஊறில்லை. ஆகையால் தொழிலின் நெறிக்கும் ஊறில்லை. இல்லாத ஒன்றைச் சேர்ப்பது செப்பனிடுதல் ஆகாது, அது போலி என்று எத்தனை பேரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனால் இது இருந்தது. இருந்ததை மீண்டும் வைப்பது போலியா? மூன்று மணி ஐந்து. வாதத்தை முடிக்க நேரமில்லை. வண்ணத்தட்டில் நீலத்தைப் பிதுக்கினேன். சன்னல் நீலம் என்னிடம் இல்லை. இருப்பவை நல்ல நீலங்கள். நிழற்படத்தைத் தாங்கியின் ஓரத்தில் செருகினேன். முதல் தொடுகை தலை. தலையை எங்கே வைப்பது? நிழற்படத்தில் அவளுடைய தலை வண்டியின் வைக்கோல் குவியலுக்கு மேலே, வானத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அங்கே தூரிகையைக் கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. இவ்வளவு சுத்தமான வானத்தில் ஒரு தலையா? சற்றே தாழ்த்தலாம். அவர் பத்து ஆண்டுகளாகப் புகைமூட்டத்தில் பார்த்தவர், ஒரு விரற்கடை வேறுபாடு எப்படித் தெரியும்? அளவெடுக்கும் கவராயத்தை எடுத்தேன். எடுத்ததாக நினைவில்லை, கையில் இருந்தது. சக்கரத்தின் உயரம் இவ்வளவு, பாதை வளையும் இடம் இவ்வளவு பின்னால், ஆறு வயதுக் குழந்தை அந்த இடத்தில் அரைச் சக்கரத்துக்கு மேல் இருக்கவியலாது. அரைச் சக்கரம். ஆறு வயது. செலின் தொண்டையில் வெள்ளைப் படலம் பரவி மூச்சுக்குத் திணறிய அறை எப்படி இருந்திருக்கும். பத்திரம் பதியும் நொத்தேரிடம் எழுத்தராக இருந்ததாக மதாம் முதல் நாளன்று தாமாகவே சொன்ன கணவர், பிரெஞ்சுத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சன்னலுக்கு அடித்து மிஞ்சிய வண்ண டப்பாவைத் திறந்து, எந்தத் தூரிகையால் தீட்டினார்? இந்த வெளிநாட்டு வயலில், இந்த மழை வானத்தின்கீழ், ஏன் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்? வீட்டில் வேறு படமில்லை என்பதால் இருக்கலாம். இருந்த ஒரே பாதை இது. நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன், கை தீட்டிக்கொண்டே இருக்கிறது, கவுனின் மடிப்பு, இடப்பக்கத்தில் ஒரு வெளிறிய விளிம்பு, வலப்பக்கம் நிழல்; மரங்களின் நிழல் சாயும் அதே கோணத்தில், சேற்றின் ஈரத்தில் சற்று உடைந்தாற்போல. முகத்துக்கு ஒரேயொரு துளி இளஞ்சிவப்பு. அதற்குமேல் அந்தத் தொலைவு இடம்கொடுக்காது. மூன்று ஐம்பதுக்குப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். அழகாக நின்றாள். அந்தப் பாதையில் நூற்றைம்பது ஆண்டுகளாக நின்றவள்போலவே நின்றாள். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டேன். நிழற்படத்தை உருவி ஏட்டுக்குள் வைத்தேன். வைக்கும்போது அதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் வைப்பதற்குச் சிறிது முயற்சி தேவைப்பட்டது.

படிக்கட்டில் செருப்பொலி. நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் செருப்பொலி. “முசியே! உங்க மாடிப்படி நேரா பிரான்சுக்கே போவுது போலிருக்கே. பாஸ்போர்ட்டு எடுத்துகினு வந்திருக்கணும் நானு!” கதவருகே வந்துவிட்டார். மருத்துவமனையில் கொடுத்த கரும்பச்சைக் கண்ணாடி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. தண்ணீர் வேண்டாமென்றார், நாற்காலி வேண்டாமென்றார். “மொதல்ல காட்டுங்க.” தாங்கியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். புதிய கண்கள்; ஈரமாக, சின்னஞ்சிறு குழந்தையின் கண்களைப்போல எதையும் விடாத கண்கள். “அடடா, மழை வரப்போவுது! இத்தினி நாளா இது சாயங்காலம்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்.” மரங்களை எண்ணினார், ஒன்பது. குதிரைக்கு வாலில் முடிச்சுப் போட்டிருப்பதைக் கண்டு சிரித்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு வந்தார். அவருடைய விரல் முதலில் வைக்கோலுக்கு மேலே, வானத்தைத் தொடும் இடத்தில், வெற்றிடத்தில் நின்றது. பழகிய இடம் போலும். பிறகு மெல்லக் கீழே இறங்கியது. “கொஞ்சம் எட்டப் போயிட்டா, இல்ல?” என்றார்.

அவரே தொடர்ந்தார். “வண்டிகிட்டத்தானே நின்னா. குதிரையவிட ஒசரமா. அவர நான் கேலி பண்ணுவேன், நீங்க பெத்தது பொண்ணா பனமரமான்னு. எனக்கு அம்மாம் பெருசாத்தான் தெரியுறா ஜெர்மேன், நான் என்ன செய்யட்டும்னுவாரு.” தலையைச் சாய்த்துப் பார்த்தார், நேராகப் பார்த்தார். “கண்ணாத்தான் இருக்கும். ஆப்ரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு எல்லாம் சின்னதாத் தெரியும்னு டாக்டரு சொன்னாரு.” எனக்காக அவரே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வெட்கமின்றி அதற்குள் நுழைந்தேன். “ஆமாம், மதாம். போகப் போகப் பழகிவிடும்.” அவர் தலையாட்டிவிட்டு, மூக்கு படத்தில் படும் அளவுக்குக் குனிந்தார். மூச்சுக்காற்றில் வண்ணத்தின் சாராய வாடை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். “மூஞ்சியக் காணோமே முசியே.”

“அவ்வளவு தொலைவில் முகம் தெரியாது, மதாம்.”

நான் சொன்னதுதான். யோசிக்காமல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக. அதில் பிழையொன்றும் இல்லை. எந்தக் காட்சிக்கும் பொருந்தும். சொல்லி முடித்த பிறகே அதை நானும் கேட்டேன். மதாம் ஜெர்மேன் நிமிர்ந்தார். “எனக்குத் தெரிஞ்சுது” என்றார். பிறகு என் வலக்கையைப் பிடித்துச் சன்னல் பக்கமாகத் திருப்பினார். ஆட்காட்டி விரலின் நகக்கண்ணில் நீலம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார், மரங்களைப் பார்த்த அதே கவனத்தோடு. சொல்லிவிடலாம் என்று அப்போதும் ஒருமுறை நினைத்தேன், அலமாரியில் குப்பி கை நீட்டும் தொலைவில் இருந்தது. அவர் கையை விட்டுவிட்டுக் கரும்பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“படம் இங்கியே இருக்கட்டும் முசியே. ஆணி காலியா இருந்தா சிஸ்டருங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இவ திரும்பிக் கிட்ட வந்தான்னா, எனக்குச் சொல்லி அனுப்புங்க.”

படிகளில் ஒவ்வொன்றாக அவர் இறங்கும் ஒலி வெகுநேரம் கேட்டது. பாதையில், வண்டிக்கு அப்பால், அவளுடைய நிழல் வலப்புறமாகச் சரியான கோணத்தில் விழுந்திருந்தது.